பத்துக்குப் பத்து

நாச்சிமுத்துவின் ஒரு கன்னத்துக்குத்தான் பவுடர் போட்டிருந்தாள் ராமாத்தாள். அதற்குள் தெருமுனையில் அவருடைய லாரியின் ஹாரன் கேட்டது. கையில் டப்பாவோடு நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு நாளாக ஷோரூமில் கிடந்த வண்டி. போன் அடித்த போதெல்லாம் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்றவர்கள், வண்டிக்காரன் செத்த மறுநாள் கேட்காமலே கொண்டுவந்து விடுகிறார்கள். தண்ணீர் பீய்ச்சிப் பளபளவென்று கழுவி, முகப்பில் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டிருந்தார்கள். சீ என்று வந்தது அவளுக்கு.

பின்னாலேயே காரில் வந்து இறங்கியவன் சர்வீஸ் மேனேஜர் ஜெயபிரகாஷ். பிணத்துக்கு ரோஜா மாலை போட்டான், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் ராமாத்தாளின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குப்பென்று செண்ட் வாசனை. கையிலிருந்த பையிலிருந்து ஒரு காகிதம் வந்தது.

“அக்கா, இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி ரெடி. லீக்கே இல்ல. டெலிவரி எடுத்தாச்சுன்னு ஒரே ஒரு கையெழுத்து. அப்பறம் அண்ணன் நம்பருக்குக் கம்பெனியில இருந்து போன் வருங்க. சர்வீஸ் எப்படின்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு மட்டும் சொல்லிருங்க. மாசக் கடைசி பாருங்க...”

கல்லூரியில் ரெண்டாம் வருடம் படிக்கும் மகள் மோனிஷாவிடம் காகிதத்தை நீட்டினாள் ராமாத்தாள்.

“படி சாமி.”

அழுது வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மோனிஷா படித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்ததை ரெண்டு தடவை படித்தாள்.

“வெளி மெக்கானிக் எஞ்சின்ல கை வெச்சதாலதான் ஆயில் லீக்காச்சாம்மா. அப்பா அத ஒத்துக்கறாராம்.”

நேற்றுப் பதினொன்றரை மணிக்கு வந்த போன் இன்னும் ராமாத்தாளின் காதில் இருந்தது. “ராமாத்தா, நான் ஸ்பேனர் வெச்சேங்கறானுங்க. பொய் சொல்றனாம்.” அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. ஷோரூமில் கஸ்டமர் உட்காரும் ஏசி அறையில், நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. தூங்குகிறார் என்று நினைத்து, வாரண்டி கிடையாது என்று எழுதிய சீட்டை மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒரு புண்ணியவான். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஒருத்தன் தோளைத் தொட்டு எழுப்பிப் பார்த்திருக்கிறான்.

இருபது வருடமாகப் பழைய வண்டிகளின் வயிற்றைக் கிழித்து வேலை பார்த்த கை அவருடையது. இந்தப் புது வண்டியில் மட்டும் ஒரு நட்டைத் தொடவில்லை. தொட்டால் வாரண்டி போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாலு மாதத்துக்கு முன்னால் அங்கேயே ஆயில் மாற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்துதான் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டத் தொடங்கியது. கியர்பாக்ஸை இறக்கிச் சீல் மாற்றினார்கள். சொட்டியது. மறுபடி இறக்கினார்கள். மறுபடி சொட்டியது. “மேல இருந்து வருதுங்க, காத்துல பின்னால ஓடிச் சொட்டுது, பவுடர் போட்டுப் பாருங்க, கசியற எடம் கறுத்துக் காட்டிக் குடுத்துரும்” என்று இவர் கெஞ்ச, கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தாயிற்று என்று சிரித்திருக்கிறார்கள். அப்படியானால் நாமே பவுடர் போட்டுப் பார்த்துவிடலாமே என்று ராமாத்தாள் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அவனுங்க கண்ணால பாக்கோணும். இல்லீனா அதுக்கும் நான் கைவெச்சேம்பானுங்க.”

கைவைக்காமலே சொல்லிவிட்டான்களே!

கோடிச் சேலையோடு வந்திருந்த தம்பி சின்னண்ணன் குனிந்தான். அவனும் லாரி ஓட்டுகிறவன்தான்.

“அக்கா, மூணு மணிக்கு எடுக்கோணும். இதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், உடு.”

“எடுத்ததுக்கப்பறம் என்னத்தடா பாக்கறது? அவரு ஊட்டுல இருக்கும்போதே பாக்கோணும். போய்க் கேபினத் தூக்கு.”

பவுடர் டப்பாவோடு எழுந்தாள். “அடி ராமாத்தா, நீ எந்திரிக்கக் கூடாதுடி” என்று பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிக்கொண்டு நடந்தாள். பந்தலுக்கு வெளியே பறையடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

கேபினைத் தூக்கியதும் எஞ்சின் தெரிந்தது. ஈரம் காய்ந்து சுத்தமாக இருந்தது. லீக் எதுவும் தெரியக்கூடாது என்றுதான் கழுவியிருக்கிறார்கள், அதுவே இப்போது வசதியாகப் போயிற்று. ராமாத்தாள் முன்சக்கரத்தில் ஏறி நின்று டப்பாவைக் கவிழ்த்து, எஞ்சினின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை பவுடரைத் தட்டினாள்.

“அக்கா, இது சென்சார் வெச்ச வண்டிங்க...” என்றான் ஜெயபிரகாஷ்.

“நீ சும்மா இரு சாமி. கண்ண மட்டும் தொறந்து வெய்யி.”

சின்னண்ணன் ஸ்டார்ட் செய்து எஞ்சினை முறுக்கிவிட்டான். இழவுக்கு வந்த சனமெல்லாம் லாரியைச் சுற்றி நின்றது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. ஜெயபிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தான். அப்போது ஆயில் ஃபில்டர் உட்காரும் இடத்தில் பவுடர் கறுத்தது. ஒரு பொட்டு. பொட்டு கோடானது. கோடு எஞ்சின் ஓரமாகவே சரிந்து, பின்னால் போய், கியர்பாக்ஸ் சேருமிடத்தில் தொங்கியது. ராமாத்தாள் அங்கே தரையில் ஒரு அட்டையைப் போட்டாள். சொத்தென்று விழுந்தது.

எஞ்சினை அணைத்தார்கள். ஃபில்டருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் குறுக்காக ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு இழுத்திருந்தது. மாட்டி முடித்ததும் ஷோரூம்காரர்கள் போடுகிற அடையாளம் அது. பக்கத்தில் ஆயில் மாற்றிய அன்றைய தேதி, ஷோரூம் மெக்கானிக் பையனின் கையெழுத்து. யாராவது திருகியிருந்தால் கோடு விலகியிருக்கும். விலகவில்லை.

“போட்டோ எடு மோனிஷா. அப்பறம் கழட்டலாம்.”

சின்னண்ணன் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினான். ஃபில்டர் வந்தது, அதன் வாயில் ரப்பர் வளையம் ஒன்று. உட்காரும் இடத்தை விரலால் தடவியவன் நின்றான். நகத்தால் நெம்பினான். இன்னொரு வளையம் வந்தது, சப்பையாகி, கட்டையாகி, கரிக்கட்டை நிறத்தில்.

“பழைய ரப்பரக்கூட எடுக்காம அது மேலயே மாட்டிருக்கானுங்கக்கா. த்தூ... இதுக்கா ரெண்டு தடவ கியர்பாக்ஸ எறக்குனீங்க?”

ஜெயபிரகாஷின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, பையன் பண்ணுன தப்புங்க. உள்ளயே பேசிக்கலாம். பாப்பாவ அந்தப் போட்டோவ மட்டும் எங்கயும் போட வேண்டாம்னு சொல்லுங்க” என்றான். இந்த மனிதனுக்கு வயிற்றுக்குள் என்னதான் இருக்கும் என்று பார்த்தாள் ராமாத்தாள்.

“என்ற புருசன் பொய் சொன்னாரா?”

“இல்லீங்க.”

“எங்கிட்டச் சொல்லாத. அவருகிட்டப் போய்ச் சொல்லு.”

அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் விலகி வழி விடவில்லை, பந்தல் பக்கம் மட்டும் திறந்திருந்தது. போனான். பிணத்தின் காலடியில் நின்று, “அண்ணா, நீங்க எதையும் தொடலீங்க. தப்பு எங்க மேலதாங்க” என்றான். கேட்கவில்லை என்றார் கூட்டத்தில் ஒருவர். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். மோனிஷா அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

ராமாத்தாள் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மற்ற கன்னத்துக்குப் போட்டாள். விரலில் இருந்த ஆயில் தாடையோரம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஒருத்தி துடைக்க வந்தாள்.

“உடு. அவருக்கு அது பழக்கந்தான்.”

மூன்றரைக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்று திரும்பினார்கள். பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. போகும்முன் சின்னண்ணன் ஒற்றை ரப்பரோடு ஃபில்டரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் போயிருந்தான். அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ராமாத்தாள் அதன் சக்கரத்தோரம் போய் உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த அவருடைய போன் அடித்தது.

“வணக்கம், நாச்சிமுத்து சாருங்களா? உங்க வண்டி சர்வீஸ் பத்தி ஒரு நிமிசம் பேசலாங்களா?” சின்னப் பெண்ணின் குரல்.

“அவரு இப்பத்தான் பொறப்பட்டுப் போனாருங்க.”

“அப்படிங்களா மேடம். சார் எப்ப வருவாருங்க?”

ராமாத்தாள் ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் ரெண்டு தடவை ஹலோ சொன்னாள். அப்புறம், “சரிங்க மேடம், நாளைக்கு இதே நேரத்துக்குச் சார்கிட்ட பேசிக்கறேன்” என்று வைத்துவிட்டாள்.

வண்டிக்கு அடியில் சின்னண்ணன் புதிதாக ஓர் அட்டை போட்டுவிட்டுப் போயிருந்தான். ராமாத்தாள் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு சொட்டும் இல்லை.