அத்தையின் செடியில் புழு கிடையாது

எங்கள் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பூச்சிகூட இல்லை. வளர்ப்பறைப் புழுக்கள் வைரஸ் வந்து கூண்டோடு போய்விட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்குப் புழு தேவைப்பட்டது.

பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம். சில வெள்ளை, சில இளஞ்சிவப்பு, ஒன்று கரும்பச்சை. வெளிர்பச்சையாக ஒன்று இருந்தது. தக்காளித் தோட்டத்தில் செத்துக் கிடந்த புழுவிலிருந்து என் மனைவி எடுத்துவந்தது. அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்தப் பூஞ்சை கண்ணாடித் தட்டில் சொகுசாகத் தின்று, பச்சை வித்து விடுவதையே மறந்துவிட்டது. இப்போது வெறும் வெள்ளைப் பஞ்சு. வித்து இல்லையென்றால் வம்சம் இல்லை.

“மாசக் கடைசிக்குள்ள பச்சை தெரியலைன்னா தூக்கிப் போட்டுடுங்க. பெட்டியில இடமில்ல” என்றார் இயக்குநர்.

இதற்கு ஒரே வைத்தியம்தான். உயிருள்ள புழுவுக்குள் ஏற்ற வேண்டும். அதைக் கொன்று வெளியே வரும்போது பூஞ்சைக்குப் பழைய புத்தி திரும்பும்.

என்னோடு இருக்கும் மாமியார் மொட்டைமாடியில் தக்காளி வளர்க்கிறார்.

“அத்தை, செடியில புழு இருக்கா?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “என் செடியிலயா? யாரு சொன்னா, கீழ்வீட்டுக்காரியா?”

“யாரும் சொல்லல. எனக்கு வேணும்.”

“இருந்தாத்தானே குடுக்க. அவகிட்ட கேளுங்க மாப்பிள்ளை. அவ செடி பூரா ஓட்டை.”

கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். “உங்க மாமியார் வேலையா இது?” என்று கதவைச் சாத்தினார். ஒரே மாலையில் இரண்டு குடும்பங்களை அவமானப்படுத்தியாயிற்று.

திரும்பி வந்து அத்தையிடம் சொன்னேன். “உங்க பொண்ணு கொண்டுவந்த பூஞ்சை ஒண்ணு இருக்கு. புழு கிடைக்கலைன்னா குப்பைக்குப் போயிடும்.”

அத்தை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, பழைய போர்வை போர்த்திய செடித்தொட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். செடியில் இலை என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. புழுக்கள் கொழுகொழுவென்று இருந்தன.

“நேத்துதான் வந்துச்சுங்க” என்றார். புழுக்களின் உடம்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. “என் செடின்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

பூஞ்சையைக் கரைத்து நுண்ணூசியால் ஏற்றினேன். அதன்பின் சாயங்காலமானால் அத்தையின் விசாரணை.

“சாப்பிடுதுங்களா?”

“முட்டைக்கோஸ் இலை போடுறோம்.”

“தக்காளி தின்னு வளர்ந்ததுங்க. பாத்துப் போடுங்க.” கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பூஞ்சைக்குப் புள்ளை பெத்துக்க ஆணு பொண்ணு வேணாமா?”

“வேணாம். ஒரு செத்த புழு போதும்.”

“செலவில்லாத குடும்பம்.”

புழுக்கள் தின்பதை நிறுத்தின. விறைத்தன. வெள்ளை பூத்தன. மாசக் கடைசியில் ஒன்றன் முதுகில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தது.

இயக்குநர் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். “சரி, இருக்கட்டும். நல்லா கொழுத்த புழு. எங்க பிடிச்சீங்க?”

“கீழ்வீட்டுல” என்றேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கீழ்வீடு என்றதும் அத்தைக்குத் திருப்தி. பிறகு கேட்டார். “என் பொண்ணு கொண்டுவந்தப்ப இருந்த அதே பச்சையா?”

“அதே பச்சை.”

அவர் மாடிக்குப் போனார். போர்வை போர்த்திய இன்னொரு தொட்டியோடு இறங்கிவந்தார்.

“இதுலயும் கொஞ்சம் இருக்கு. வேணும்னா வச்சுக்கங்க.”