மோதல் பொருத்தம்

எங்கள் ஊரில் கல்யாணம் பேசி முடித்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கம்ப்யூட்டரில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். ஜாதகம் பார்க்கிற வழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. சமுதாயக்கூடத்துப் பின்னறையில் அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் இருப்பது நிகழ்வாக்கி என்ற மென்பொருள். இரண்டு துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதினால் என்னென்ன சிதறும், எது எந்தப் பக்கம் போகும் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். காட்டியபடியே பிறகு குடும்பத்தில் நடக்கும். தேங்காய் உடைத்துவிட்டு ஓடவிடுவார்கள். மோதல் நல்லபடியாக முடிந்தால் அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள்.

இருவரையும் புரோட்டான் என்றுதான் பதிவது. ஒருவரை எடை குறைவாகக் காட்டினால் வீண் பேச்சு வரும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பையனை ஈய அணுக்கருவாகப் போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பையன் இன்ஜினியர். பெண்ணின் தாய்மாமன் எழுந்து, அப்படியானால் எங்கள் பிள்ளையும் ஈயம்தான் என்றார். ஈயத்தோடு ஈயம் மோதினால் சிதறுவதை எண்ணி முடிப்பதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும் என்று சமுதாயக்கூடக் கமிட்டித் தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி சமாதானம் செய்தார். அவர் பாத்திரக்கடை வைத்திருப்பவர். எடை விஷயத்தில் அவர் சொன்னால் எடுபடும். அன்றிலிருந்து எல்லோரும் புரோட்டான். வேகமும் எல்லோருக்கும் ஒன்றே.

மோதும்போது எது நடக்கும் என்பதை மென்பொருள் தனக்குள் தாயம் உருட்டித்தான் முடிவுசெய்கிறது. தாயம் எந்த வரிசையில் விழவேண்டும் என்பதற்கு நாம் ஒரு தொடக்க எண் கொடுக்கவேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையில் விழும். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று கோயில் பூசாரி நல்ல எண்ணாக ஒன்றைச் சொன்னார். திரையின் ஓரத்தில் அதை மஞ்சளில் எழுதி வைத்திருக்கிறோம். நல்ல எண் கையில் இருக்கும்போது வேறு எண்ணை யாரும் தேடமாட்டார்கள். எனவே எங்கள் ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணமும் ஒரே கல்யாணம்தான்.

அந்த எண்ணில் முதலில் மணந்தவன் நான். எனக்கு நடந்தது கொஞ்ச காலம் கழித்து மற்றவர்களுக்கு நடக்கும். ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நான் வீடு திரும்பும்போது வாசலில் ஓரிரு கணவன்மார் காத்து நிற்பார்கள்.

“அண்ணே, நேத்து குக்கர் வெடிச்சிருச்சு. அடுத்து என்ன?” என்று கேட்டான் டெய்லர் கொம்பையா.

“மச்சினன் வந்து டி.வி.யத் தூக்கிட்டுப் போவான்.”

“எனக்கு மச்சினனே கெடையாதேண்ணே.”

“வருவான்.”

வந்தான். கொம்பையா அவனுக்குக் காப்பி கொடுத்து, டி.வி.யை ஆட்டோவில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தும் விட்டான்.

என் வீட்டிலிருந்து மச்சினன் கொண்டுபோன டி.வி. திரும்பி வந்த மறுநாள் என் மனைவி ஆவுடை வீட்டைவிட்டுப் போனாள். அவள் போனதை யாரும் பார்க்கவில்லை. கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. செருப்பு இருந்தது. ஆனால் கட்டிலும் தண்ணீர்க் குடமும் நானும் தென்மேற்கே ஒரு முழம் தள்ளிக் கிடந்தோம். மோதலுக்கு முன்னால் இருந்த ஓட்டமும் பின்னால் இருக்கிற ஓட்டமும் கூட்டினால் சமமாக வரவேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் கண்ணில் படாத ஏதோ ஒன்று அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆவுடை வடகிழக்கே போயிருக்கிறாள். அதற்கு மேல் கணக்கில் ஒன்றும் தெரியாது.

கணவன்மார் வந்து கட்டில் நகர்ந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போய் அவரவர் கட்டில்காலுக்குப் பின்னால் செங்கல் வைத்துக்கொண்டார்கள். மனைவிமார் முறை வரும்போது எடுத்துக்கொள்ள ஒரு பையை மடித்துவைத்தார்கள். பஸ் கம்பெனிக்காரர் அவர்களுக்காக ஜன்னலோர சீட்டுகளை ஒதுக்கினார். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.

மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தவர் மஸ்கட்டுக்குப் போனபோது, பகலில் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்பதைக் கேள்விப்பட்டு என்னைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கையேட்டை வைத்துக்கொண்டு நானாகவே கற்றேன். முதல் நாள் ஒருவரை மட்டும் ஓடவிட்டுவிட்டேன். எதிரே வர ஆளில்லாமல் அது ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பாவமாக இருந்ததால் நிறுத்தினேன். பிறகு இருவரை மோதவைத்தேன். சிதறிய துண்டுகள் வாசல்வரை வந்து நின்றுகொண்டன. உடைந்த துண்டு எதுவும் தனியாக வெளியே வரக்கூடாது; பக்கத்தில் கிடைத்ததோடு சேர்ந்து ஏதோ ஒன்றாக ஆன பிறகே வரலாம் என்பது அங்கே சட்டம். அதற்கு ஒரு வரி எழுதவேண்டும். எழுதினேன். கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. அதன்பின் தினமும் எங்கள் கல்யாணத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். தினமும் வடகிழக்கே குறைந்தது.

இந்தச் சமயத்தில் என் தங்கை வடிவுக்கு வரன் அமைந்தது. வடிவு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். மாப்பிள்ளை தளவாய், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவர். நிலையத்துத் தொட்டியைக் கழுவ வந்தபோது பழக்கம். இருவருக்கும் நாற்பது நெருங்குகிறது. வடிவு வீட்டுக்கு வந்து, தள்ளிக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தாள். நான் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டதில்லை.

“அண்ணே, அதே நம்பர்ல ஓட்டுனா நானும் மதினி மாதிரி போயிருவேனா?”

“போவ.”

“எப்போ?”

“மச்சினன் டி.வி.யத் திருப்பிக் கொண்டாந்து வெச்ச மறுநா.”

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு மச்சினன் நீதானே?”

“ஆமா.”

“அப்ப கொண்டாராத.”

“கொண்டாந்துதான் ஆகணும் வடிவு. எடுத்துட்டுப் போறதும் நான்தான்.”

“எனக்குப் போகப் பிரியமில்லண்ணே,” என்றாள். “அவரு தொட்டிக்குள்ள நின்னு பேசுனா ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவ கேக்கும். எனக்கு அது புடிச்சிருக்கு. ரொம்ப நாளைக்குக் கேக்கணும்.”

மறுநாள் தளவாய் வாளியும் பிரஷுமாக வடிவோடு வந்தார். வடிவு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவருக்கு ஒரு யோசனை இருந்தது.

“அதே நம்பரே இருக்கட்டும் மச்சான். இவ போற நாளுதான் தெரியுமே. அன்னைக்கு நானும் கூடவே பஸ்ஸுல ஏறிருதேன்.”

“நீங்களும் வந்துட்டா நான் யாருகிட்டேருந்து போறது?” என்றாள் வடிவு.

அவள் சொன்னது சரிதான். இரண்டு பேரும் ஒரே பக்கம் போனால் மறுபக்கம் ஈடுகட்ட வீடுதான் போகவேண்டும். அது வாடகை வீடு. தளவாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்போம் என்றார்.

மூவருமாகப் பாத்திரக்கடைக்குப் போனோம். பொன்னுலிங்கம் அண்ணாச்சி ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, ஊருக்கே ஒத்துக்கிட்ட நம்பரு ஒனக்கு மட்டும் கசக்குதா?”

“ஊரு பூரா பையத் தயாரா வெச்சிருக்கு அண்ணாச்சி. ஒங்க வீட்லயும் மதினி வெச்சிருக்காவ. நான் பாத்தேன்.”

அண்ணாச்சி மறுக்கவில்லை. “நல்ல பைதான். நாந்தான் வாங்கிக் குடுத்தேன்,” என்றார். பிறகு தளவாயிடம் திரும்பினார். “நம்பர மாத்திட்டா ஒங்களுக்கு முன்னால போக ஆளிருக்காது, கேட்டியளா? குக்கர் எப்ப வெடிக்கும்னே தெரியாம எப்படிப் பொழப்பீய?”

“தொட்டிக்குள்ள எறங்கும்போது எனக்கு முன்னால யாரு எறங்குதா அண்ணாச்சி?”

அண்ணாச்சி குத்துவிளக்கை அலமாரியில் வைத்தார். வேறு நல்ல எண் வேண்டுமென்றால் பூசாரியைக் கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டோம். பூசாரி நிதானமாகக் கைகளைத் துடைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதைக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

கையேட்டில் ஒரு வழி இருந்தது. தொடக்க எண் கேட்கிற இடத்தில் பூஜ்யம் கொடுத்தால், மென்பொருள் கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்துக்கு ஏற்றபடி தானே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டார்.

“பூஜ்யம்னா ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்போ நம்பர மாத்துனதா ஆகாது. வெறுமனே குடுக்காம விட்டதாத்தான் ஆகும். செய்யலாம்.”

வெள்ளிக்கிழமை காலையில் தேங்காய் உடைத்தார்கள். இருவரையும் புரோட்டான் என்று பதிந்தேன். பூஜ்யத்தை வடிவே அழுத்தினாள். ரத்தம் எடுக்கிற கை, ஒரே குத்துதான். தளவாய் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் இருவரும் எதிரெதிரே ஓடிவந்து மோதினார்கள்.

எதுவும் சிதறவில்லை. நடுவில் ஒரே ஒரு துகள் நின்றது. அது எந்தப் பக்கமும் போகவில்லை, உடையவும் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருந்தோம். பந்தலில் காப்பி கொடுத்து முடித்துவிட்டார்கள். அது அப்படியே நின்றது.

“கணக்கு சரியா இருக்கா?” என்றார் அண்ணாச்சி.

கூட்டிப் பார்த்தேன். வந்தது எவ்வளவோ அவ்வளவும் அங்கேயே இருந்தது. வடகிழக்கை இரண்டு முறை பார்த்தேன். குறையவில்லை.

“சரியா இருக்கு.”

“அப்போ தட்ட மாத்துங்க.”

கல்யாணம் சமுதாயக்கூடத்திலேயே நடந்தது. தாலி கட்டி முடிந்து எழுந்து நின்றதும் வடிவும் தளவாயும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். மேடையை மூன்று முறை சுற்றச் சொன்னார்கள், அவர்களால் முடியவில்லை. மேடையையும் சுற்றவைக்க முடியாது என்பதால் விருந்தினர்களே அவர்களை மூன்று முறை சுற்றி வந்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டார்கள், இலையை மேடைக்குக் கொண்டுவந்து நீட்டவேண்டியிருந்தது. மற்றபடி ஒரு குறையுமில்லை. பேசினார்கள், சிரித்தார்கள், பாயசத்தில் முந்திரி குறைவு என்றார்கள். போட்டோ எடுக்க வந்தவர் அவர்களை விதவிதமாக எடுப்பதற்காகத் தானே மண்டபம் முழுவதும் ஓடினார்.

அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு கல்யாணம். அந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் இவர்களுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். வீடியோவில் இவர்களும் விழுந்தார்கள். யாரோ பெரியவர்கள் என்று எண்ணிப் புதுஜோடி காலில் விழுந்து எழுந்தது. வடிவு திருநீறு பூசிவிட்டாள்.

நான் தினமும் காலையில் இட்லி கொண்டுபோனேன்.

“மாப்ளே, கால் வலிக்கலையா?”

“இல்ல மச்சான். நாம நிக்கோம்னே தோணல.”

“டி.வி. எதுவும் வேணுமா வடிவு?”

“வேண்டாம். நீ வந்து எடுத்துட்டுப் போவ,” என்றாள். தளவாய் அதற்கு ரொம்ப நேரம் சிரித்தார்.

ஒரு மாதம் போனபின் அவர்கள் மேடையின் ஓரத்தில் இருந்தார்கள். அதற்கு அடுத்த மாதம் பந்தி நடக்கிற இடத்தில். நகர்ந்தீர்களா என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை என்றார்கள். அவர் டேப் எடுத்துவந்து பல பக்கமும் அளந்தார். அவர்கள் நகரவில்லை. ஊர்தான் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு காலமாக நகர்கிறது என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே நிற்கிற ஒன்று இதற்குமுன் ஊரில் இருந்ததில்லை என்பதால் யாருக்கும் தெரிய வழியில்லை.

மண்டபத்தின் கிழக்குச் சுவர் அவர்களைத் தாண்டிப் போயிற்று. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். பிறகு ஊர் வேகம் பிடித்தது; கடைத்தெரு வந்தது. சில வாரங்கள் அவர்கள் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்குள் நின்றார்கள். அண்ணாச்சி அவர்களைச் சுற்றி அடுக்குச்சட்டிகளை நெருக்கி அடுக்கிக்கொண்டு வியாபாரம் செய்தார். எந்தச் செம்பு கனம் என்று தெரிய, வாங்க வந்தவர்கள் வடிவிடம் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் பஸ் நிலையம் அவர்களைக் கடந்தது. ஜன்னலோர சீட்டில் கொம்பையாவின் மனைவி மடியில் பையோடு உட்கார்ந்திருந்ததை வடிவு பார்த்திருக்கிறாள். இருவரும் கையசைத்துக்கொண்டார்களாம்.

இப்போது ஊரின் கடைசி வீடும் அவர்களைத் தாண்டிவிட்டது. கிழக்கே, வெட்டவெளியில், கல்யாணப் பட்டோடு நிற்கிறார்கள். மழை வந்தால் தளவாய் குடை பிடிக்கிறார். முதலில் நடந்து போய் இட்லி கொடுத்தேன், பிறகு சைக்கிளில். போன வாரத்திலிருந்து பஸ்ஸில் போகவேண்டியிருக்கிறது. எப்போது போனாலும் ஏதோ பேச்சின் நடுவில்தான் இருக்கிறார்கள். வடிவு போகவில்லை. நாங்கள்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

நேற்று ஊர் மேற்கே மலையடிவாரத்து மாநில எல்லைச் சாவடிக்கு வந்துசேர்ந்தது. காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். வீடு வீடாகக் குனிந்து பார்த்து, உயிருள்ள கோழி ஏதும் கொண்டுபோகிறோமா என்று கேட்டார். இருந்தவற்றை இறக்கி வைத்தோம். தடுப்புக் கம்பைத் தூக்கி ஊரை உள்ளே விட்டார்.