கால்குலேட்டருக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூசையன்று புத்தகத்துக்குப் பொட்டு வைக்கலாம், ரப்பர் பால்மரம் வெட்டும் கத்திக்கு வைக்கலாம், லாரிக்கும் வைக்கலாம். கால்குலேட்டருக்கு வைக்கலாமா? காஜா பெராங்கில் எண் ஜோசியம் பார்க்கும் மாணிக்கவாசகம் போன மாதம் வைத்தார். அதுவும் எண் தெரியும் கண்ணாடி மேலேயே, சந்தனத்தைக் குழைத்து, தாராளமாக.

"முகத்துலதானே தம்பி பொட்டு வைக்கணும்?" என்று ரேடியோ ரிப்பேர் கடை ஜெயபாலனிடம் நியாயம் கேட்டார். "இப்ப என்னடான்னா ரெண்டாம் நம்பர் நொண்டுது. சாயங்காலம் உங்க வருங்கால மாமனாரோட வரேன், சரி பண்ணி வைங்க."

நாடு விடுதலையடைந்த மெர்டேக்கா வருஷம் பிறந்த பெண்கள் கல்யாணத்துக்கு நின்ற காலம் அது. சிங்கப்பூரிலிருந்து அந்தக் கால்குலேட்டர் வந்ததிலிருந்து மாணிக்கவாசகத்துக்கு விரல் விட்டு எண்ணுவது கேவலமாகிவிட்டது. பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டி, மிஞ்சும் இரண்டு இலக்கத்தைக் கூட்டக்கூட மிஷினைத்தான் தட்டுவார். எண் சிவப்பாக எரியும். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். போன வாரம் அதில்தான் ஜெயபாலனுக்கும் செமாபோக் சேதுராமன் மகள் சிவகாமசுந்தரிக்கும் ஒன்பது, ஒன்பது என்று வந்து, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு புடவைக் கடையில் ஜெயபாலன் அவளை ஒரு தரம் பார்த்ததோடு சரி. பையன் அன்றிலிருந்து ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூட்டுப் பக்கமே பிடிக்கிறான்.

ஜெயபாலன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். எண்கள் கோடு கோடாகச் சேர்ந்து எரிகிற மிஷின். கீழே இடப்பக்கக் கோடு மட்டும் எரியவில்லை. இரண்டாம் எண் காலொடிந்து நின்றது. ஆறு ஐந்தாகத் தெரிந்தது. எட்டை அமுக்கினான். ஒன்பது வந்தது.

அவன் பெயர் கூட்டினால் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. சனீஸ்வரன் எண்! சேதுராமனோ எட்டாம் நம்பர் வீட்டு வாசலில்கூட நிற்காத மனிதர்.

இரண்டை நிமிர்த்தினால் எட்டும் நிமிர்ந்துவிடும். எட்டுக்கும் அதே கோடுதான். "சிங்கப்பூர்லேருந்து சாமான் வரணும்" என்று ஒரு பொய் சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். நாக்கு நுனிவரை வந்த பொய்தான். ஆனால் என்றைக்காவது தெரிந்துவிட்டால் அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பது? அதை நினைக்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

மூடியைக் கழற்றினான். சந்தனம் கண்ணாடி இடுக்கில் இறங்கிக் காய்ந்து, ஒரு கம்பிக்காலை அப்பிக்கொண்டிருந்தது. பல் தேய்க்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தான். கோடு எரிந்தது. எட்டு முழு எட்டாக நின்றது.

சாயங்காலம் இருவரும் வந்ததும் ஜெயபாலன் முந்திக்கொண்டான். "மிஷின் சரியாயிருச்சுங்க. எட்டை இத்தனை நாளும் ஒன்பதுன்னு காட்டியிருக்கு. என் நம்பர் எட்டு."

"நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுச்சு," என்று சேதுராமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

மாணிக்கவாசகத்துக்குத் தொழில் மானம் போகிறதே என்று பதறியது. அவசரமாகப் பெண் பெயரையும் தட்டினார். நாற்பத்துநான்கு. நாலும் நாலும் கூட்டினார்.

"உட்காருங்க லா. உங்க பொண்ணும் எட்டுதான்."

சேதுராமன் உட்கார்ந்தார். இனி மாப்பிள்ளை தேடி எந்த வீட்டுக்குப் போனாலும், தம்மைப் போலவே ஒருவர் எட்டு என்று கேட்டுத் துண்டை உதறுவார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "இப்ப என்னங்க பண்றது?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

ஜோசியருக்கா வழி தெரியாது? எட்டைத் தட்டினார், கூட்டலைத் தட்டினார், மறுபடியும் எட்டைத் தட்டினார். எரிந்த எண்ணைச் சேதுராமன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பதினாறு. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்னுதானே பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துறோம்? இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும் உங்களுக்கு?"

சேதுராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெயபாலன் சந்தனம் அப்பிய பிரஷை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டான். சந்தனத்தைத் தேய்த்தெடுக்காமல் விட்டிருந்தால், அந்த மிஷின் ஆறை ஐந்தாக்கிப் பதினைந்து என்றல்லவா காட்டியிருக்கும்!