இஸ்திரி போடாத பூனை

என் தங்கை படம் வரைய ஆரம்பித்ததே என் பிரஷ்ஷில்தான். அதுவும் கேட்காமல் எடுத்த பிரஷ்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்குப் பட்டறை. டி-ஷர்ட்டில் கையால் படம் வரைந்து தருவது என் தொழில். விளையாட்டாகச் செய்கிற வேலை இல்லை இது. புதுச் சட்டையை முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். முன்பக்கத்து நிறம் முதுகில் ஊறாமல் உள்ளே அட்டை நுழைக்க வேண்டும். படத்தைப் பிளாஸ்டிக் தாளில் பிளேடால் வெட்டி, சட்டைமேல் வைத்து, பெயின்டை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்ததும் சட்டையை உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய துணி போட்டு இஸ்திரி. அந்தச் சூடுதான் நிறத்தை நூலோடு பிடித்து வைக்கும். சூடு காட்டாவிட்டால் முதல் சலவையிலேயே எல்லாம் வாளிக்குள் கரைந்துவிடும். அது தெரியாமல் ஆரம்பத்தில் நான் பாழாக்கிய சட்டைகள் இன்றைக்கும் எங்கள் வீட்டில் தரை துடைக்கின்றன.

தங்கை வேலையை விட்டுவிட்டு, அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், என் மகள் அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பிக்கும்வரை. சித்தி தலை பின்னினால்தான் பின்னல் நிற்குமாம். சித்தி கதை சொன்னால்தான் சோறு இறங்குமாம். அத்தனை நாளும் பின்னல் என்ன காற்றிலா பறந்தது?

சின்ன வயதிலும் இப்படித்தான். நான் விழுந்து விழுந்து படித்து வாங்கிய மதிப்பெண்ணை, அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே வாங்குவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "பெரியவ பொறுப்பு" என்பார்கள். அவளைப் பார்த்தால் வாரி அணைத்துக்கொள்வார்கள். பொறுப்பை யார் வாரி அணைப்பார்கள்?

மகளின் பள்ளியில் ஓட்டப் பந்தயம் வந்தது. பந்தயத்துக்கு அவள் போட்டுக்கொள்வது எப்போதும் நான் வரைந்த சட்டைதான். இந்த முறை பாயும் முயல். மீசை முடிகூட ஒன்றோடொன்று ஒட்டாமல் வெட்டியிருந்தேன். நீலம் தீர்ந்துபோனதால் வாங்கிவர வெளியே போனேன். திரும்பி வந்தால், மகள் கூடத்தில் குதித்துக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் வேறொரு சட்டை, அதில் ஒரு பூனை.

"அம்மா, இங்க பாரேன்! இது நான்தான்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டு, தலைதெறிக்க ஓடுகிற பூனை. ஒரு காது பெரிசு, ஒரு காது சிறிசு. பெயின்டில் தண்ணீரை ஊற்றி இஷ்டத்துக்கு இழுத்திருந்தாள் தங்கை.

"காலு அஞ்சு இருக்கேடி," என்றேன்.

"அக்கா, ஓடுறப்ப யாரு எண்ணிப் பார்க்கப் போறா?" என்று சிரித்தாள் தங்கை.

என் கணவரும் அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாகச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "உன் தங்கச்சி கையில ஏதோ இருக்கு, பாரேன்."

"என் பிரஷ் இருக்கு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூனை மட்டமாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். மகள் ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவளைப் பெற்றவள் நான். அது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படத்தில் கொண்டுவர எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கை பூனையைக் காயவைக்க நாற்காலி முதுகில் போட்டாள். அத்தோடு வேலை முடிந்தது என்று கையைக் கழுவிவிட்டாள். இஸ்திரிப் பெட்டி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூடு காட்டணும்டி என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பூனை காய்ந்த பிறகும் சொல்லவில்லை. முயல் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். துவைக்கட்டும், பார்க்கலாம். கரைந்து ஓடட்டும் அந்த ஐந்து காலும். அப்போது என்னிடம்தானே வர வேண்டும்.

பந்தயத்தன்று மகள் பூனையோடுதான் ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். கூட ஓடிய பிள்ளைகளெல்லாம் சட்டையைச் சூழ்ந்துகொண்டு, எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். "எங்க சித்தி வரைஞ்சது," என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "வேர்வை நாத்தம் அடிக்குது, கழட்டிப் போடு," என்றேன்.

"அப்புறம்மா."

மறுநாளும் அப்புறம்தான். அழுக்குக் கூடைக்கு அந்தச் சட்டை வருவேனா என்றது. நானும் கூடையைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். கடைசியில் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்து, பூனையும் அவளுமாக வந்து நின்றாள். மறுக்க வழியில்லை. வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனேன்.

மெஷினில் போடவில்லை. கையாலேயே துவைக்க ஆசைப்பட்டேன். வெந்நீரில் ஊறப்போட்டு, பூனையின் முகத்தின்மேலேயே சோப்பை வைத்துத் தேய்த்தேன். சேறு போனது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இரண்டாவது வாளித் தண்ணீர் தெளிவாக நின்றது. ஒரு மீசை முடிகூட அசையவில்லை. ஐந்து காலோடும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

சட்டையும் கையுமாக வெளியே வந்தேன்.

"ஏண்டி, இத நீ அயர்ன் பண்ணியா?"

தங்கை போனிலிருந்து நிமிர்ந்தாள். "அயர்ன் வேற பண்ணணுமா? நீ சொல்லவே இல்லையேக்கா!"

"நான்தான்மா பண்ணேன்," என்றாள் மகள். தலையைத் துவட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தாள். "உள்பக்கம் திருப்பி, மேல துணி போட்டு. நீ மாடிக்குப் போனப்போ."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நீ பண்றதத்தான் தினம் பார்க்கிறேனே."

ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"அப்போ என்கிட்ட குடுத்திருக்கலாமே? நானே பண்ணித் தந்திருப்பேனே?"

அவள் கோபப்படவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "சித்திக்கு அயர்ன் பண்ணணும்னு தெரியாது. உனக்குத் தெரியும், ஆனா நீ பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஈரச் சட்டையைப் பார்த்தேன்.

மகள் வந்து என் கையிலிருந்து சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இத நானே துவைச்சுக்கிறேன்மா."

அவள் அதை முறுக்கிப் பிழியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல அமுக்கினாள். உட்புறமாகத் திருப்பினாள். வெயில் படாத கொடியாகப் பார்த்து, தோள் தையலில் கிளிப் போட்டாள். ஒன்றுவிடாமல் நான் செய்வதுபோலவே செய்தாள். என் கைவேலை அத்தனையும் அவளுக்கு வந்திருந்தது. அதையெல்லாம் அவள் சித்தியின் பூனைக்குச் செய்தாள்.