கண்டனக் குழுவும் சீனத்துப் பூனைக்காரியும்

லண்டன் லூயிஷாமில் ஸ்ரீஸ்கந்தராஜாவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவருடைய டொக்டர் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் ‘கண்டனம் சிறியண்ணை’. சும்மா வந்த பட்டமா அது? முப்பது வருசமாகத் தமிழர் ஒன்றியத்தின் கண்டனக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒரு சினிமாவில் யாழ்ப்பாணப் பேச்சைப் பிழையாகப் பேசிவிட்டால் மறுநாளே கடிதம் போகும். பதில் வராவிட்டால் பதாகை போகும். ஒரு காலத்தில் பதாகைக்குப் பின்னால் இருநூறு பேர் போனார்கள். போன வருசம் நாலு பேர் நின்றார்கள், அதில் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர்.

இப்போது குழுவுக்கே ஆபத்து வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். “கண்டிக்க ஒண்டும் இல்லாத குழு என்னத்துக்கு? செவ்வாய்க்கிழமையில மண்டபத்தை பட்மின்ரனுக்குக் குடுங்கோ” என்று செயலாளர் பாலேந்திரா தீர்மானம் கொண்டுவரப்போவது ஊருக்கே தெரியும். பாவம் சிறியண்ணை! அந்தத் தலைமையும் போய்விட்டால் அவர் பென்சன் எடுத்த ஒரு தபால்காரர், அவ்வளவுதான். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு வியாழக்கிழமை அவல் கிடைத்தது. மகள் ஜதுர்ஷிகா, யூனிவர்சிட்டி லீவில் வந்தவள், சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனத்துச் சக்கரவர்த்தியின் அரண்மனை. அங்கே நாற்பது பூனைகளைப் பராமரிக்கிற ஒரு பெட்டை, பூனைகள் போய்வந்த தடத்தை வைத்தே அரண்மனைக் களவையெல்லாம் கண்டுபிடிக்கிறாள்.

“உது ஆர் எடுத்தது?”

“ஜப்பான்காரர், அப்பா. அனிமே.”

“சீன ராசாவின்ர கதையை யப்பான்காரன் எடுக்கிறானோ? சீனர் பாத்துக்கொண்டு இருக்கினமோ?”

“தே லவ் இட், அப்பா. யூனியில சைனீஸ் ஆக்கள்தான் கூடப் பாக்கினம்.”

“பாவங்கள். அதுகளுக்குக் கண்டிக்கத் தெரியாது” என்றார் சிறியண்ணை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது அந்தச் சனம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

கொம்பியூட்டரைத் திறந்தார். புதிதாக எழுதுவது அவர் வழக்கம் இல்லை. பழைய கண்டனக் கடிதம் ஒன்றை எடுத்து, தமிழர் என்று வருகிற இடமெல்லாம் சீனர் என்று போட்டார். கீழே ஐம்பது கையெழுத்துக்குக் கோடு. ஐம்பது சீனரின் ஒப்பத்தோடு மேடையேறினால் பாலேந்திராவின் முகத்தில் ஈயாடுமா?

அடுத்த வீட்டு லின், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டில் கூட்டமாக இருக்கும். மனைவி சிவகௌரி பொரித்த மட்டன் ரோல்ஸ் ஒரு தட்டோடு சிறியண்ணை போய்க் கதவைத் தட்டினார். உள்ளே பதினைந்து சீனர், இளசும் கிழடுமாக. டிவியில் அதே பூனைக்காரி. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அட, கோபம்! சிறியண்ணைக்குப் புல்லரித்தது.

“கதிரையைப் பாருங்கள்! அந்தக் காலத்தில் இவ்வளவு உயரக் கதிரை ஏது?” என்று ஒரு கிழவர் எழுந்து நின்று கத்தினார். அவர் மிஸ்டர் ஜோ, சியான் நகரத்தில் சரித்திரம் படிப்பித்தவர். கையில் ஒரு கொப்பி.

“சட்டைக் கை தாங் காலம், கொண்டை மிங் காலம். நடுவில் நானூறு வருசத்துக்கு மேல்!” என்றாள் ஒரு மாணவி.

“விளக்கைப் பார். விளக்குச் சரி. நம்முடைய நாடகங்களில் அரசிக்கே பிளாஸ்டிக் பூத்தான் வைக்கிறார்கள்” என்றான் ஒரு பெடியன்.

“அதுதானே எரிச்சல். நாங்கள் ஏன் இதை எடுக்கவில்லை?” என்று லின் உண்மையான கவலையோடு சொன்னார். பிறகு பூனை ஒன்று சக்கரவர்த்தியின் மடியில் ஏறிப் படுத்தது. பதினைந்து பேரும் “ஆ” என்று உருகினார்கள்.

இதுதான் தருணம் என்று சிறியண்ணை தாளை நீட்டினார். “கையெழுத்து வையுங்கள். இந்தப் படத்தை நிறுத்திவிடலாம்.”

“ஏன் நிறுத்த வேண்டும்?” என்றார் லின்.

“இவ்வளவு பிழை இருக்கிறதே!”

“நூற்று நாற்பத்தாறு” என்று மிஸ்டர் ஜோ கொப்பியைத் தட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. “நிறுத்திவிட்டால் மிச்சத்தை நான் எங்கே போய்ப் பிடிப்பது?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். அந்த மாணவி தாளை வாங்கி, ‘உடனே நிறுத்த வேண்டும்’ என்பதை வெட்டி, ‘இந்தத் தொடரின் அடுத்த பருவத்தை உடனே வெளியிட வேண்டும்’ என்று திருத்தினாள். பதினைந்து பேரும் சந்தோசமாக ஒப்பம் வைத்தார்கள். ரோல்ஸும் முடிந்தது.

மிஸ்டர் ஜோ மட்டும் தாளை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து முழுவதும் வாசித்தார். வாத்தியார் அல்லவா! மூன்றாம் பந்தியில் நின்றார். “கலண்டரில் நல்லூர் அரசரின் முடியைப் பிழையாக வரைந்தது எம் மக்களைப் புண்படுத்துகிறது. நல்லூர், எந்த மாகாணத்தில் இருக்கிறது?”

சிறியண்ணைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பந்தியை மாற்ற மறந்துபோனார்! எட்டு வருசத்துக்கு முதல், மளிகைக் கடை ஞானரட்ணம் தன் கலண்டரில் நல்லூர் ராசாவின் படத்தைப் போட்டதற்கு எழுதிய கடிதம் அது.

“அது யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊர். எங்கள் ராசா” என்றார்.

“அப்படியா!” கிழவர் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சரியான முடி எப்படி இருக்கும்?”

சிறியண்ணை வாயைத் திறந்தார். கூம்பா, தட்டையா? கல் பதித்ததா? ஒருவேளை தலைப்பாகையோ? கதிரையில் இருந்தானா, பாயில் இருந்தானா? கோவிலுக்கு என்ன உடுத்துப் போனான்? முப்பது வருசம் பிழை பிடித்தவருக்குச் சரி எதுவென்று தெரியவில்லை.

“பரவாயில்லை, பிறகு சொல்லுங்கள். இடம் விட்டு வைக்கிறேன்” என்றார் மிஸ்டர் ஜோ. “அந்தக் கலண்டர்க்காரர் அடுத்த வருசம் திருத்தினாரா?”

“இல்லை. படத்தையே எடுத்துவிட்டார்.”

“ஐயோ!” என்று கிழவர் சொன்னார். அதில் கேலி இல்லை. செத்த வீட்டில் சொல்கிற மாதிரிச் சொன்னார். சிறியண்ணை வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சட்டைகூட மாற்றாமல் கட்டிலில் இருந்தார். உலகத்தில் ஒரே ஒருத்தன் எங்கட ராசாவை வரைந்தான். அவனையும் நான்தானே விரட்டினேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பாலேந்திரா பட்மின்ரன் தீர்மானத்தை வாசித்து முடிய, சிறியண்ணை எழுந்தார். சீனரின் தாளை வெளியே எடுக்கவே இல்லை.

“ஞானரட்ணம் அண்ணை, நான் அண்டைக்கு எழுதினது பிழை. வாற வருசக் கலண்டரில ராசாவைத் திரும்பப் போடுங்கோ. பிழை இருந்தால் இருக்கட்டும். பாத்துப் பாத்துத் திருத்துவம்.”

ஞானரட்ணம் முன்வரிசையில் நெளிந்தார். “போடலாம் தம்பி. ஆனா என்ன முடி வைக்கிறது?”

அவ்வளவுதான். தேன்கூட்டில் கல் விழுந்தது. “கூம்பு முடி!” “விசரே உனக்கு? தலைப்பாகை!” “மீசை வேணும்!” “மீசை ஆர் கேட்டது, முதல்ல நிறம் என்ன?” தெரிந்தவர் ஒருவரும் இல்லை, தெரியாது என்று சொன்னவரும் ஒருவர் இல்லை. இரண்டு மணித்தியாலம் போனது. போன கூட்டம் வரை பின்வரிசையில் நித்திரை கொண்டவர்களெல்லாம் கதிரை மேல் ஏறி நின்றார்கள். சிறியண்ணை இரண்டு தரம் “பொறுங்கோ, பொறுங்கோ” என்று பார்த்தார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

கடைசியில் பாலேந்திராவே ஒலிவாங்கியைப் பிடித்தார். மண்டபத்தின் சூட்டைப் பார்த்ததும் மனிசன் பட்மின்ரனை மறந்துவிட்டார். “வரப்போகும் கலண்டரில் எங்கள் அரசரைத் தவறாகச் சித்திரிப்பதை இந்தச் சபை முன்கூட்டியே வன்மையாகக் கண்டிக்கிறது! இப்பிடியான நேரத்தில கண்டனக் குழு கட்டாயம் வேணும்!”

நூற்றுப் பத்துக் கை எழுந்தது. குழு பிழைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமையும் பிழைத்துவிட்டது. ஆட்கள் வந்து சிறியண்ணையின் தோளைத் தட்டி, “கெட்டிக்காரன் அண்ணை நீங்கள்” என்றார்கள். கை தூக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஞானரட்ணம் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

தை மாதம் ஞானரட்ணம் கடையில் கலண்டர் குடுத்தார்கள். சுவிற்சர்லாந்து மலை, மேலே பனி, கீழே ஒரு மாடு. சிறியண்ணை அதைக் கொண்டுவந்து குசினியில் கொளுவினார். பிழை என்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.