வெண்ணி வரப்பில் செத்த முதலாளி

செல்லதுரையைக் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் அன்று காலை பாபநாசத்தில் வேன் ஏறினேன்.

பதறாதீர்கள். பயிற்சியில்தான். பத்து வருஷம் ராணுவத்தில் இருந்து மேஜராக வெளியே வந்தவள் நான். இப்போது கம்பெனிக்காரர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறேன். செல்லதுரை அரிசி ஆலை முதலாளி. 'மேஜர் சுடர்விழி எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி அளித்தார்' என்று ஆபீஸ் சுவரில் ஒரு போட்டோ மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்கு வேறு வேலை இருந்தது.

என் தம்பி பரிதிக்கு அந்த ஆலையில்தான் வேலை. நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொள்பவன். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் ஒரு வால்வு தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். உயிரைக் காப்பதற்கென்றே இருக்கிற வால்வு அது. நீராவி வீணாகிறது என்று இந்த சீசனில் அந்த வால்வு திறக்காதபடி அதன் கையில் ஓர் இரும்புக் கட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பரிதி இதைச் சொன்னபோது பிசைந்த சோறு அவன் கையிலேயே இருந்தது.

"வேலைய விட்டுட்டு வந்துடுடா," என்றேன்.

"நான் வந்துட்டா அங்க வேற ஒருத்தன் நிப்பான்க்கா. அவனுக்கு இது தெரியக்கூடத் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சி பற்றிப் பேசப் போன அன்றே முதலாளியிடம் நேராகக் கேட்டேன். அவர் சிரித்தார். "மேஜர் மேடம், நீங்க லீடர்ஷிப் சொல்லித்தர வர்றீங்களா, பாய்லர் பார்க்க வர்றீங்களா? எங்க ஆளுங்க யாருமே ஒண்ணும் சொல்லலையே. சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்."

யாருமே ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே வியாதி! புகார் எழுதிப் போடலாம், போட்டும் விட்டேன். ஆனால் ஆள் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பாய்லர் எத்தனை தடவை கொதிக்கும்? சாயங்காலம் ஷிப்டுக்கு என் தம்பி அல்லவா அதன் முன்னால் நிற்பான்?

பயிற்சிக்கு நான் பிடித்த இடம் கரிகாலன் போரிட்ட பழைய வெண்ணி; வேன் அந்தக் கோவில்வெண்ணியில் நின்றது. மேனேஜர் கிளாட்சன், சூப்பர்வைசர் அஸார், இன்னும் சிலர் இறங்கினார்கள். அறுப்பு முடிந்த வயல்தான் கண்ணுக்கெட்டிய வரை. முந்தின நாள் பெய்த மழையில் அறுப்பு மிஷின் போன தடங்களில் தண்ணீர் நின்றது.

"போர்க்களம் எங்கங்க மேடம்?" என்றார் அஸார்.

"நிக்கிறீங்களே, இதுதான்."

கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சின்ன வயதுக் கரிகாலன் ஒரு பக்கம். சேரன், பாண்டியன் என்று இரண்டு ராஜாக்களும் அவர்களோடு வேளிர் பதினொரு பேரும் எதிர்ப்பக்கம். கரிகாலன் ஜெயித்தான். சேரன் நெஞ்சில் பாய்ந்த வேல் முதுகு வழியாக வந்தது. முதுகில் புண்பட்ட அவமானத்தை அவன் மூடி மறைக்கவில்லை. வடக்குப் பார்த்து உட்கார்ந்து உயிரை விட்டான்.

"அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தராவது இது சரிப்படாதுன்னு ராஜாகிட்ட சொல்லியிருப்பாரா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எல்லோரும் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு படையாகப் பிரிந்து அதே போரை ஆடிக்காட்டச் சொன்னேன். முதலாளி உடனே, "நம்மதான் கரிகாலன். சேரனை கிளாட்சன் எடுத்துக்கட்டும்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

போரா அது, கூத்து! யானைப் படையைச் சேற்றுக்குள் இறக்குங்கள் என்று உத்தரவு போட்டார் கரிகாலன். யானை புதைந்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் பக்கத்து ஆட்கள் "ஆமாங்க சார்" என்றார்கள். எதிரிப் படையும் "ஆமாங்க சார்" என்றது. சேரன் கிளாட்சன் போர் தொடங்கும் முன்பே சரணடைந்துவிட்டார்.

விசிலை ஊதினேன். "செல்லதுரை சார், உங்க மேல வேல் பாஞ்சிடுச்சு. செத்துட்டீங்க. படுங்க."

"ஐயையோ, என்னங்க மேடம் அபசகுனமா!" என்று அஸார் பதறினார்.

"கரிகாலன் எங்கேம்மா செத்தான்? ஜெயிச்சான்ல?" என்றார் முதலாளி.

"வேலுக்கு வரலாறு தெரியாது சார். படுங்க."

ராணுவத்தில் இது வழக்கம். பயிற்சி நடுவே நடுவர் வந்து, கமாண்டர் செத்துவிட்டார் என்று அறிவித்துவிடுவார். கர்னலாகவே இருந்தாலும் பனியில் மல்லாந்து கிடக்க வேண்டியதுதான். அடுத்தவன் என்ன செய்கிறான் என்பதுதான் அங்கே பரீட்சை. இதைச் சொன்னதும், போட்டோ எடுக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு ஈர வரப்பில் சிரித்தபடியே படுத்தார் முதலாளி.

"விசில் ஊதுற வரைக்கும் செத்தவர் பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிளாட்சனிடம் திரும்பினேன். "இனி எல்லாம் ஒரே படை. நீங்கதான் தளபதி. மில்லுதான் நம்ம கோட்டை. கோட்டையில எந்த இடம் உங்களுக்குப் பயமா இருக்கு?"

அவர் கண் வரப்புக்குப் போனது.

"அங்க பார்க்காதீங்க. பொணம் தலையாட்டாது."

கிளாட்சன் செருப்பு நுனியால் சேற்றைக் கிளறினார். இந்த மனுஷன் இப்போது வாயைத் திறக்காவிட்டால் என் தம்பிக்கு வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நானாக எடுத்துக் கொடுத்தால் அது என் பேச்சாகிவிடும்.

"பாய்லருங்க மேடம்," என்றார் கடைசியில். "அந்த வெயிட்டைக் கட்டுனதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. அந்தப் பக்கம் போறப்பல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் போறேன்."

"நான் அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்," என்றார் அஸார்.

"சரி. தளபதி உத்தரவு என்ன?"

"நிறுத்தணும்."

"தொட்டியில ஊறுற நெல்லு நாறிப்போயிடுமே?"

"நாறட்டும்ங்க! ஆளு போனா வருமா?"

"அப்ப என்கிட்ட ஏன் சொல்றீங்க? போனை எடுங்க."

செத்தவர் பாதி எழுந்துவிட்டார். "ஏய் கிளாட்சா!"

"படுங்க சார்!"

பரேடு மைதானத்துக்கு அப்புறம் அந்தக் குரலை நான் எடுத்ததே இல்லை. பக்கத்து வயல் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. செல்லதுரை படுத்துவிட்டார்.

கிளாட்சன் நம்பரை அழுத்தினார். "யாரு, பகல் ஷிப்டா? உமி தள்றதை நிறுத்து. தீயை வெளிய இழுத்துப் போடு. வால்வை இப்ப தொடாதே, நல்லா ஆறட்டும். பரிதியையும் வரச்சொல்லு." மறுமுனை ஏதோ கேட்டது. கிளாட்சன் வரப்பைப் பார்க்கவில்லை. "சார்கிட்ட கேக்கல. நான்தான் சொல்றேன். நிறுத்து."

விசில் ஊதினேன். முதலாளி எழுந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கிளாட்சன் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் பயமா இருந்துச்சாய்யா? இந்தம்மாதான் பெருசு பண்ணுதுன்னு நினைச்சேன். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க உயிரோட இருந்தீங்களே சார்," என்றார் கிளாட்சன்.

அதில் குத்தல் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

முதலாளி எழுந்தபோது சட்டையின் முதுகு முழுக்கச் சேறு. அஸார் துண்டை நீட்டினார். "இருக்கட்டும்," என்று தள்ளிவிட்டார். வேனில் சீட்டில் சாயாமலே வந்தார்.

ஆலைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பரிதி வந்திருந்தான். இழுத்துப் போட்ட தணல் வாசலில் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்க்க, முதலாளி அந்த முதுகோடே பாய்லர் ஷெட்டுக்குள் நடந்தார். வால்வில் தொங்கிய இரும்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "ஆறினதும் இதை நானே கழட்டுறேன்," என்றார்.

பரிதி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: "என்னக்கா, மொதலாளி முதுகெல்லாம் சேறு? யாருமே அவருகிட்ட சொல்லலையா?"

"சொல்லிட்டாங்கடா," என்றேன்.