இரண்டு வயது பெரிய புத்தகம்

தையல்காரிக்கு ஒரு பழக்கம். பிள்ளைகளுக்கு எதைத் தைத்தாலும் இரண்டு வயது பெரிதாகத்தான் தைப்பாள். "வளர்ந்து போட்டுக்கும்" என்பாள். கவுனுக்கு அது சரிதான். போன பிறந்தநாளுக்குத் தம்பியின் மூத்த மகளுக்குப் புத்தகத்தையும் அப்படியே வாங்கிவிட்டாள். எட்டு வயதுப் பெண்ணுக்குப் பத்து வயதுப் புத்தகம். அட்டையில் பரிசு பெற்றதற்கான தங்க வட்டம் வேறு பளபளத்தது. அதோடு விட்டாளா? வந்தவர்கள் நடுவில் நிறுத்தி, "எங்க, அத்தைக்கு ஒரு பக்கம் படிச்சுக் காட்டு" என்றாள்.

முதல் வரியிலேயே குழந்தைக்கு நாக்கு புரளவில்லை. யாரோ சிரித்தார்கள். புத்தகம் ஒரு மூலைக்குப் பறந்தது, குழந்தை இன்னொரு மூலைக்கு ஓடினாள். அன்றோடு அத்தையிடம் பேச்சு நின்றது. எந்தப் புத்தகத்தையும் வாய்விட்டுப் படிப்பதும் நின்றது.

சொந்தப் பிள்ளை இல்லாத தையல்காரிக்கு அந்தப் பெண்தான் உயிர். ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து 'அத்தை' என்ற சொல்லைக் கேட்காமல் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் தப்பு எங்கே என்று மட்டும் அம்மணிக்கு விளங்கவில்லை. போன முறை அந்தப் புத்தகம் வாங்கியிருந்தது ஏதோ சின்னப் பரிசு போலிருக்கிறது, இந்த முறை பெரிய பரிசு பெற்ற புத்தகமாகப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனாள்.

குழந்தைகள் பகுதியில் ஒரு பெண் தரையில் சம்மணமிட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வயசுப் பொண்ணுக்கு, இருக்கறதிலேயே பெரிய பரிசு வாங்குன புக்கா குடும்மா. பதினொரு வயசுக்கே குடு."

"ஒன்பதாக்கா, பதினொண்ணா?"

"ஒன்பதுதான். வளர்ந்து படிச்சுக்கும். நான் தையல்காரி, எனக்குத் தெரியாதா?"

கடைக்காரி அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கவுன் பெரிசா இருந்தா கையை மடிச்சு விடலாம். புக்கை எங்கக்கா மடிச்சு விடுவீங்க?"

தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்குள் கடைக்காரி புத்தகங்களை உருவ ஆரம்பித்துவிட்டாள். "இது மூணு வயசுக்கு. எழுத்தே கிடையாது. ஒரு செருப்பை எல்லாரும் தேடுவாங்க, அது எங்க இருக்குன்னு படம் பார்க்கற குழந்தைக்கு மட்டும்தான் தெரியும். இது பன்னிரண்டுக்கு. பஸ்ல படிச்சு அழுதுட்டே போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன். எல்லாமே பரிசு வாங்குனதுதான். ஆனா நல்ல புக்குன்னுதான் பரிசு குடுத்தாங்க, உங்க பிள்ளைக்குச் சரியா இருக்கும்னா சொன்னாங்க?"

அடேயப்பா, அத்தனையையும் படித்து வைத்திருக்கிறாளே! தையல்காரியின் கோபம் போன இடம் தெரியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். கடைக்காரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு எழுந்து போய் ஒல்லியாக ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்தாள். குண்டு மனிதர் ஒருவர் விடும் குறட்டையில் தூக்கம் வராமல் தவிக்கும் கொசுவின் கதை. பக்கத்துக்குப் பக்கம் குறட்டை பெரிசாகிக்கொண்டே போனது.

"இதுவும் பரிசு வாங்குனதுதான். அஞ்சு வயசுக்கு."

"அஞ்சா! என் மூஞ்சியிலேயே விட்டெறிவா!"

"அவகிட்ட யாரு குடுக்கச் சொன்னா? படிக்கத் தெரியாத தங்கச்சி இருக்கான்னீங்களே, அந்தக் குட்டிகிட்ட குடுங்க. பிறந்தநாள்காரிக்குக் கவுன் போதும். அப்புறம் ஒண்ணு. நீங்க வாயே திறக்கக் கூடாது."

பிறந்தநாளன்று பெரியவள் முகம் பார்க்காமல் கவுனை வாங்கிக்கொண்டாள். குட்டி தனக்குக் கிடைத்த புத்தகத்தோடு அடுப்படிக்கு ஓடிவந்து அம்மாவின் புடவையை இழுத்தாள்.

"கை வேலையா இருக்கேன்டி. அக்காகிட்ட போ."

'படிச்சுக் காட்டேன்டி' என்று தையல்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

கூடத்தில் முதலில் "போடி" கேட்டது. அப்புறம் குட்டியின் சிணுங்கல். அப்புறம், முணுமுணுவென்று ஒரு குரல் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது.

"கொர்ர்."

"சத்தமா, அக்கா!"

"கொர்ர்ர்ர்!"

குட்டி உருண்டு உருண்டு சிரித்தாள். அக்கா ஒரு வரியில் தடுக்கினாள், திரும்பப் படித்தாள், மேலே போனாள். அடுத்த குறட்டையில் வீடே அதிர்ந்தது. கொசுவுக்கு ஒரு குரல், குண்டு மனிதருக்கு ஒரு குரல் என்று வெளுத்து வாங்கினாள். "அண்ணி, இது நம்ம பொண்ணா?" என்றாள் தம்பி மனைவி, கரண்டியைப் பிடித்தபடி.

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடவும் தோன்றவில்லை. பிள்ளையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இப்படிக் கச்சிதமாக அளவு சொன்னாளே அந்தக் கடைக்காரி, அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

குறட்டை ஓய்ந்தது. அடுப்படி வாசலில் பெரியவள் புத்தகத்தோடு வந்து நின்றாள். அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் வா அத்தை" என்றாள். "மறுபடி படிக்கப் போறேன். பயப்படாத, ஈஸியாத்தான் இருக்கு. உனக்கும் புரியும்."